சர்ச் பேஸ்மெண்டில் கவிழ்ந்த ஆட்சி

உக்காருங்க அண்ணாச்சி. அந்தப் பக்கம் வேண்டாம், எந்தப் பிள்ளையோ ஐஸ்கிரீமைக் கொட்டிட்டுப் போயிருக்கு. இங்கன வாங்க. மாலுக்குள்ள வந்த பொறவும் மப்ளரைக் கழத்தாம ஒருத்தர் நிக்காருன்னா அது நம்ம ஆளுதான்னு தூரத்துலயே தெரிஞ்சு போச்சு. எந்த ஊரு? பாளையங்கோட்டையா! நான் கடையநல்லூரு. ஆவுடையப்பன். வீட்டுல உள்ளவங்க உள்ள துணி பாக்காங்களா? அப்ப ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. எங்க வீட்டுக்காரியும் உள்ளதான் இருக்கா. நிம்மதியா உக்காருங்க.

மகன் கம்ப்யூட்டர்லயா? ரெண்டாயிரம் பொறந்த அன்னைக்கு உலகத்துல உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் கிறுக்குப் பிடிச்சு நின்னுரும்னு சொல்லி நம்ம பயலுவளைக் கப்பல் கப்பலா இறக்குதாங்களே, அந்த வேலையா? நல்ல வேலை. இந்த நாட்டுல ஏதாவது ஒரு பயம் இருக்கிற வரைக்கும்தான் அண்ணாச்சி சம்பளம். நான் ரஷ்யாக்காரன் பயத்துல பொழைச்சவன்.

நான் யாருன்னு சொல்லலையே. இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தோட முன்னாள் தலைவரு. ‘முன்னாள்’னு நானாச் சொல்லிக்கிடல, நோட்டீஸ்ல அப்படிப் போடுதாங்க. சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து தொண்ணூத்திரண்டு வரைக்கும் நான்தான் தலைவரு. என்னைக் கவுத்தது யாருன்னு நினைக்கீய? வெளியாளு இல்ல. உள்ள துணி பாத்துக்கிட்டு இருக்காளே, அவதான்.

சிரிக்காதீங்க. வயிறு எரியுது.

முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். நான் எழுபத்திரண்டுல இந்த அமெரிக்காவுக்கு வந்தேன். அப்ப இந்த ஊர்ல ஆம்பளை எல்லாம் தோள் வரைக்கும் முடி வளத்திருப்பான், பொம்பளை எல்லாம் கிராப்பு வெட்டியிருப்பா, பின்னால இருந்து பாத்து யாரையும் கூப்பிட முடியாது. வந்து ரெண்டு வருஷத்துல இந்த நாட்டு ஜனாதிபதியே டிவியில வந்து ‘நான் போறேன்’னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் ஆடிப் போயிட்டேன். நம்ம ஊர்ல பஞ்சாயத்துத் தலைவரு கூட அப்படிப் போக மாட்டான், தூக்கித்தான் வெளிய போடணும். பொறவு பெட்ரோல் இல்லைன்னு ரேஷன் கடை மாதிரி கார் எல்லாம் வரிசையில நின்னுச்சு. இதுக்கா ஏழு கடல் தாண்டி வந்தோம்னு நினைச்சேன்.

அந்தச் சமயத்துலதான் சங்கம் ஆரம்பிச்சோம். இடம் பிடிச்சுக் குடுத்தது ரோஸ்லின். நாசரேத்துப் பிள்ளை, இங்க பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ். அவ போற சர்ச்சுல பேசி, கீழ பேஸ்மெண்டை நமக்கு வாங்கிக் குடுத்தா. மேல அவங்க ஜெபம், கீழ நம்ம பொங்கல். சட்டதிட்டம் எழுத வேண்டிய பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. நான் என்ன பண்ணுனேன், நம்ம ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிப்பாங்கல்லா, அந்தக் கணக்கையே வச்சேன். ஒரு வீடு, ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு ஓட்டு. தலைக்கட்டுன்னா கல்யாணமான ஆம்பளை. தலைக்கட்டா இருந்தாத்தான் தேர்தல்லயும் நிக்கலாம். எவ்வளவு சுலபம் பாருங்க, பொம்பளைகளுக்கு ஓட்டுப் போடுத சிரமம் கூட இல்ல.

ரோஸ்லினுக்குப் புருஷன் கூட ஒத்து வரல, ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்க. அப்ப அவ வீட்டுல தலைக்கட்டு இல்லைல்லா? அதனால ஓட்டு இல்ல. எங்களுக்கு அவ மேல மரியாதை இல்லாம இல்ல. பேஸ்மெண்டு சாவி அவ கையிலதான இருந்துச்சு. ஓட்டுதான் இல்ல. சட்டம்னா சட்டம்.

எனக்கு எதிரா நிக்க ஒரே ஒரு ஆளு, டாக்டர் செண்பகராமன். நாகர்கோவில். பல்லு டாக்டரு இல்ல, இருதய டாக்டரு, ஆனா இருதயம் அவருக்குக் கிடையாது. எண்பத்தாறு தேர்தல்ல மனுஷன் என்ன பண்ணுனாரு தெரியுமா? ஊர்ல இருந்து அப்பாவை ஆறு மாச விசாவுல வரவழைச்சாரு. ‘நான் தனித் தலைக்கட்டு, எங்க அப்பா தனித் தலைக்கட்டு, எங்க வீட்டுக்கு ரெண்டு ஓட்டு’ன்னாரு. அதைப் பாத்து இன்னும் நாலு பேரு மாமனாரு, சித்தப்பான்னு டிக்கெட் எடுக்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு எதிரா விமானத்துல வந்து இறங்குதாங்க அண்ணாச்சி, ஓட்டுகள்!

விடுவேனா? அவசரக் கூட்டம் போட்டேன். ஒரு திருத்தம் கொண்டு வந்தேன். ‘தலைக்கட்டு என்பவர் அந்த வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர்.’ அவ்வளவுதான். கிழடுங்க அத்தனையும் அவுட்டு. கை தட்டல் பேஸ்மெண்டைத் தாண்டி மேல சர்ச்சு வரைக்கும் கேட்டுச்சு. செண்பகராமன் மூஞ்சியைப் பாக்கணுமே, கசாயம் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

அந்தத் திருத்தத்துல ‘ஆம்பளை’ங்கிற வார்த்தையை எழுத விட்டுட்டேன். எழுதணும்னே தோணல. மழை மேல இருந்து கீழதான் பெய்யும்னு யாராவது எழுதி வைப்பாங்களா?

என் வேலையைச் சொல்லுதேன். ஏவுகணைக்குள்ள ஒரு வளையம் வரும். அதை வரையுதது என் வேலை. ராக்கெட் எங்க போவும், யாரு தலையில விழும், அதெல்லாம் நமக்கெதுக்கு, வளையம் நல்லா இருக்கணும். எண்பதுல எல்லாம் அரசாங்கம் அள்ளி விட்டுச்சு. வீடு வாங்குனோம், வீடியோ டெக்கு வாங்குனோம், கார்டைத் தேச்சுத் தேச்சு வீட்டை நிரப்புனோம். எங்க வீட்டு அடுப்பே ரஷ்யாக்காரன் புண்ணியத்துல எரிஞ்சுது. பெர்லின்ல சுவரை இடிக்கிறதை டிவியில காட்டினப்ப ஊரே கை தட்டுச்சு, நானும் தட்டுனேன். அல்வா கிண்டச் சொல்லிச் சாப்பிட்டேன் அண்ணாச்சி. எதிரி செத்துட்டாம்னா வளையம் யாருக்குன்னு எனக்கு ஓடவே இல்ல.

தொண்ணூத்தொண்ணுல ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் குடுத்தாங்க. மேசையில உள்ளதை அதுல போட்டுக்கோ, வாசல் வரைக்கும் காவல்காரன் கூட வருவான், குட்லக். அவ்வளவுதான். இருபது வருஷம்.

நான் அழலை. நம்பினா நம்புங்க, அழலை. ஏன் தெரியுமா? சங்கம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பேஸ்மெண்டுக்குப் போனா ‘வாங்க தலைவரே’ம்பாங்க. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு, அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கும்.

வடிவுதான் எங்க வீட்டுக்காரி. எண்பத்தொண்ணுல, ‘மக எழிலு பள்ளிக்கூடம் போயிட்டா, பொழுது போகல’ன்னா. சரி போயிட்டு வான்னு நான்தான் அனுப்பி வச்சேன். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில டைப் அடிக்கிற வேலை. ராத்திரி ஏதோ கிளாஸுக்கும் போனா. நான் ரொம்ப விசாரிக்கிறது இல்ல, பொழுதுபோக்குத்தான. என் வேலை போன பொறவு ஒரு நாள் பல்லு வலின்னு டாக்டர்கிட்ட போனேன். முன்னால உக்காந்திருந்த பொண்ணு இன்சூரன்ஸ் யாரு பேர்லன்னு கேட்டா. என் பேர்லன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, ‘இல்லை, நீங்கள் உங்கள் மனைவியைச் சார்ந்திருப்பவர்’னு சொல்லிட்டா. சத்தமா. நாலு பேரு முன்னால. அப்பதான் வடிவைக் கேட்டேன், ‘ஏட்டி, நீ அங்க என்ன வேலைதான் பாக்க?’ன்னு. டைப்பிஸ்டு எல்லாரும் அவளுக்குக் கீழயாம். மேனேஜராம். ஆகி ஆறு வருஷமாம். ‘சொன்னேங்க. நீங்க அப்ப கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு ஊருக்குப் போன் பண்ணிக்கிட்டு இருந்தீய’ங்கா.

தொண்ணூத்திரண்டு தேர்தல் வந்துச்சு. நான் வழக்கம் போலச் சட்டையில இஸ்திரி மடிப்புக் கலையாம போய் உக்காந்திருக்கேன். செண்பகராமன் எந்திரிச்சாரு. ‘ஆவுடையப்பன் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இப்ப உங்க வீட்டுக்கு யாரு சம்பாதிச்சுப் போடுதா?’

நான் எழுதுன திருத்தத்தை அவரே வாசிச்சாரு, நிறுத்தி நிறுத்தி. அந்த ஆளு என் எழுத்தை அவ்வளவு நல்லா வாசிச்சு நான் கேட்டதே இல்ல.

நான் தலைக்கட்டு இல்லையாம். எனக்கு ஓட்டு இல்ல, நிக்கவும் முடியாது. எங்க வீட்டுக்கு வடிவுதான் தலைக்கட்டாம்.

ஆனா எனக்கு மூளை வேலை செய்யும் அண்ணாச்சி. இப்ப நம்ம ஊர்ல பஞ்சாயத்தைப் பொம்பளைகளுக்கு ஒதுக்குன பொறவு என்ன நடக்கு? பேருக்குப் பொண்டாட்டி, நாற்காலியில புருஷன். அதை இந்த ஒஹையோவுல உக்காந்து நான் அப்பவே கண்டுபிடிச்சவன். எந்திரிச்சு, ‘சரி, எங்க வீட்டுத் தலைக்கட்டு நிப்பா’ன்னு சொல்லிட்டேன். வடிவு அடுப்படியில சாம்பார் வாளியைக் கிண்டிக்கிட்டு இருந்தா. கையைத் துடைச்சுட்டு வந்தா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

‘நான் ஜெயிச்சா நான்தான தலைவரு?’

‘ஆமா, பேருக்கு’ன்னேன்.

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் அன்னைக்கே கவனிச்சிருக்கணும்.

அள்ளிக்கிட்டு ஜெயிச்சா. என் முகத்துக்காகத்தான் போட்டாங்க, அதுல சந்தேகமே இல்ல. என்னன்னா, முந்தின ராத்திரி வீட்டுக்கு வீடு பொம்பளைங்க போன்ல பேசிக்கிட்டதா ஒரு பேச்சு. அதை நான் நம்பலை. நான் நிக்க முடியாதுன்னு எனக்கே தெரியாதப்ப அவங்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் கூட்டம். நான் என் நாற்காலியை அவ நாற்காலிக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தேன். காதுக்குள்ள சொல்லிக் குடுக்கணும்லா? அவ திரும்பிப் பாத்து, மெதுவா, ‘நீங்க அங்க உக்காருங்க’ன்னா. எங்க? ரெண்டாவது வரிசையில, செண்பகராமனுக்குப் பக்கத்துல!

அன்னைக்கே தலைக்கட்டு முறை செத்துச்சு. வயசு வந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. ரோஸ்லின் கையைப் பிடிச்சு முன்வரிசைக்குக் கூட்டிட்டு வந்து, ‘இனிமே தேர்தலை நடத்துத அதிகாரி நீதான்’னா. அந்தப் பிள்ளை அழுதுட்டா. பொறவு ஒரு குண்டு போட்டா பாருங்க, பொங்கல் சமையல் இனிமே ஆம்பளைங்களாம். நானும் செண்பகராமனும் ஒரே அண்டாவுக்கு ரெண்டு பக்கமும் நின்னு துடுப்புப் போட்டோம். அவரு இருதயத்தைக் கீறுத மாதிரி பதனமாக் கிண்டுதாரு, அடி பிடிச்சுப் போச்சு. என் சாம்பாருக்கு மட்டும் ஒரு குறை சொல்ல முடியல. வேலை இல்லாத நாள்ல வீட்டுல சும்மா இருக்கப் பிடிக்காம கத்துக்கிட்டதுதான். பொட்டுக்கடலையைக் கொஞ்சம் வறுத்து அரைச்சு விடணும். இப்பவும் யாரு வீட்டு விசேஷம்னாலும் ‘சாம்பாரு அண்ணாச்சிதான்’னு சொல்லி விட்டுருதாங்க. எவ்வளவு பெரிய அவமானம் பாருங்க. ரகசியம் என்னன்னா பெருங்காயத்தைக் கடைசியிலதான் போடணும்.

எங்க பக்கத்து வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து குடித்தனம் நடத்துதாங்க. வெள்ளைக்காரங்க. நல்ல பயலுவ, பனி விழுந்தா என் வாசலையும் சேர்த்து வாரி விட்டுருவாங்க. முதல்ல எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, இப்ப பழகிருச்சு. ஒரு நாள் மனசு கேக்காம வேலி ஓரமாக் கேட்டேன், ‘உங்க வீட்டுல யாருப்பா தலைக்கட்டு?’ன்னு. அவனுக்குப் புரிய வைக்கவே அரை நாள் ஆச்சு. புரிஞ்ச பொறவு அவன் சொல்லுதான், ‘நேத்து குப்பையை யாரு வெளிய வச்சாங்களோ அவங்க.’ அதைக் கேட்டா எங்க வீட்டுலயும் நான்தான் தலைக்கட்டு. யாருகிட்டப் போய்ச் சொல்ல?

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஒண்ணைத்தான் தாங்க முடியல. அந்த வருஷம் பொங்கல் விழாவுல நான் படி இறங்கி உள்ள வாரேன், ஒருத்தன், ‘வாங்க தலைவரே’ங்கான். நான் கும்பிட்டுச் சிரிச்சேன். அவன் எனக்குப் பின்னால வந்த வடிவைப் பாத்துச் சொல்லியிருக்கான். திரும்பிப் போய்க் கார்ல உக்காந்து அழுதேன் அண்ணாச்சி. வேலை போனப்ப வராத அழுகை அத்தனையும் அன்னைக்கு வந்துச்சு. வடிவு வந்து கண்ணாடியைத் தட்டுனா. கண்ணுல மிளகாப்பொடி விழுந்துட்டுன்னேன். அவ முந்தானையைத் தண்ணியில நனைச்சுக் குடுத்தா.

தொண்ணூத்து நாலுல அடுத்த தேர்தல். அவளே குடுத்த ஓட்டுதான எனக்கு இருக்கு? அவளுக்கு எதிராவே நின்னேன். ஒரே வீட்டுல ரெண்டு வேட்பாளரு. ஒரே போன். அவ பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருப்பா, நான் அடுப்படிச் சுவர்ல இருக்க போன்ல நின்னு அவ ஆட்சியைக் கிழிகிழின்னு கிழிப்பேன். பேசி முடிச்சதும், ‘உப்புச் சரியா இருக்கான்னு பாருங்க’ன்னு கரண்டியை நீட்டுவா. அவ்வளவு ஆணவம்.

ஆம்பளை எல்லாரும் எனக்கு வாக்குக் குடுத்தான். ஒருத்தன் விடாம. செண்பகராமனே, ‘இந்தத் தடவை நம்ம ஓட்டு உங்களுக்குத்தான், அண்டா கிண்டி இடுப்புப் போச்சு’ன்னாரு. தேர்தலுக்கு முந்தின நாள் வடிவு என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே சொன்னா: ‘வேண்டாம்ங்க. ஒத்த ஓட்டு வாங்கிட்டு அத்தனை பேரு முன்னால நிக்கப் போறீய. எனக்குத் தாங்காது.’ பயந்துட்டாள்னு நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை. சீட்டுல பேரை எழுதி, மடிச்சு, காணிக்கைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதுல போடணும். எழில் அப்ப காலேஜுக்கு வெளியூரு போயிருந்தா, இல்லைன்னா அவ ஒரு ஓட்டாவது நிச்சயம். ரோஸ்லின் ஒவ்வொரு சீட்டாப் பிரிச்சுச் சத்தமா வாசிக்கா. வடிவு. வடிவு. வடிவு. வடிவு. கோயில்ல அர்ச்சனை பண்ணுத மாதிரி போயிக்கிட்டே இருக்கு. என்னால தலை நிமிர முடியல. நடுவுல ஒரு ‘ஆவுடையப்பன்’. அது நான் போட்டது, என் பச்சை மசி எனக்குத் தெரியாதா? பொறவும் வடிவு, வடிவு. வாக்குக் குடுத்த பயலுவ எல்லாம் கூரையைப் பாத்துக்கிட்டு இருக்கான். செத்துரலாம் போல இருந்துச்சு. உண்மையாச் சொல்லுதேன்.

அப்ப ரோஸ்லின் ஒரு சீட்டைப் பிரிச்சுட்டு வாசிக்காம நின்னா. திரும்பவும் பாத்தா. பொறவு வாசிச்சா, ‘எழில் அப்பா.’

செண்பகராமன் விடுவாரா? ‘வேட்பாளர் பேரு இல்ல, செல்லாது’ன்னு எந்திரிச்சாரு. ரோஸ்லின் சீட்டை எல்லாரும் பாக்கத் தூக்கிக் காட்டி, அவரை ஒரு பார்வை பாத்து, ‘இது செல்லும் டாக்டர். எழில் அப்பா யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். உக்காருங்க’ன்னா. அவரு என்ன நினைச்சாரோ, கப்புனு உக்காந்துட்டாரு. வடிவு பக்கம் பாத்தேன், அவ கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கிட்டு இருக்கா. தலைவரா ஜெயிச்சவ சந்தோஷத்துல நிமிர்ந்து உக்கார வேண்டாமா? அவ எப்பவுமே அப்படித்தான், எது எப்ப செய்யணும்னு தெரியாது.

ரெண்டு ஓட்டு அண்ணாச்சி! ஒத்த ஓட்டுன்னா அசிங்கம், நமக்கு நாமே போட்டுக்கிட்டதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிஞ்சு போவும். ரெண்டுன்னா அது வேற. வெளியில ஒரு ஆளு நம்மளை நம்புதான்னு அர்த்தம். நான் தலை நிமிர்ந்து படி ஏறி வந்தேன். கார்ல வரும்போது வடிவு, ‘போதுமா இப்ப?’ன்னா. ‘இது ஆரம்பம்தான்’னு சொல்லிட்டு வந்தேன்.

அஞ்சு வருஷமா அந்த ஆளைத் தேடுதேன். பேரைச் சொல்லக் கூட நாக் கூசுது பாருங்க அவனுக்கு, எழில் அப்பான்னு எழுதியிருக்கான். அவ்வளவு மரியாதை! முதல்ல செண்பகராமன்தான், வெளிய எதுத்துப் பேசிட்டு உள்ள போட்டிருப்பாருன்னு நினைச்சேன். ஆனா டாக்டர் எழுத்தா இருக்க வழியில்ல, வாசிக்க முடிஞ்சுதே. ஒருத்தன் ஒருத்தனாப் பிடிச்சு நன்றி சொன்னேன். நாலு பேரு ‘ஆமா அண்ணாச்சி, நான்தான்’னு ஒத்துக்கிட்டான், கூச்சமே இல்லாம. ரோஸ்லின்கிட்ட அந்தச் சீட்டைக் கேட்டா, ‘தலைவர்கிட்டக் குடுத்துட்டேன்’ங்கா. வடிவு ஓட்டுச் சீட்டெல்லாம் அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்னு சொல்லிட்டா. சாட்சியை அழிச்சுட்டா பாத்தீயளா? அதான் அரசியல்.

அந்த ஒரு ஆளு யாருன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. இலை போட்டு, நானே சமைச்சு, பக்கத்துல உக்காந்து பரிமாறணும். இந்த நாட்டுல எனக்குன்னு ஒருத்தன் இருந்திருக்கான்லா? உங்க மகனும் இனிமே சங்கத்துக்கு வருவான், நாலு பேருகிட்டப் பழகுவான். விசாரிச்சு வைக்கச் சொல்லுங்க.

அந்தா வந்துட்டா. ரெண்டு கையிலயும் பை. நீலச் சேலைக்கு மேல கோட்டுப் போட்டிருக்காளே, அவதான் தலைவரு.

“எழில் அப்பா! எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன், காது கேக்கலையா? வாங்க, பசிக்கும் உங்களுக்கு.”

இந்தா வந்துட்டேன்! பாத்தீயளா அண்ணாச்சி, நாலு பேரு முன்னால எப்படி அதட்டுதான்னு? கொஞ்சங்கூட மதிப்பே கிடையாது. சரி, நான் கிளம்புதேன். மகன்கிட்டச் சொல்ல மறந்துராதீய. நல்ல கையெழுத்து. துணைக்காலைக் கொஞ்சம் நீட்டி, எங்க வீட்டுப் பலசரக்குச் சீட்டுல உள்ள மாதிரியே இருக்கும்.